ஃபயர்வாலை அணைத்துவிட்டு "சரி பண்ணிட்டேன்" என்பார்கள், உஷார்!

வீட்டு நெட்வொர்க்கில் கோளாறு என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள். நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இதே வேலையை இதே மாதிரி செய்கிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், ஒரு பெயரைத் தெரிந்துகொண்டு தப்பிக்க முடியாது.

பிரச்சினை சின்னதுதான். ரூட்டரை மாற்றிய பிறகு, மேஜைக் கணினியில் ஷேர் செய்து வைத்திருந்த ஃபோல்டர் லேப்டாப்பில் திறக்கவில்லை. அந்தக் கணினியில் மாட்டியிருந்த பிரிண்டரும் கிடைக்கவில்லை. இணையம் இரண்டிலும் ஒழுங்காக வந்தது. வந்தவர் உட்கார்ந்த உடனே கண்ட்ரோல் பேனலைத் திறந்து, வெளியிலிருந்து கேட்காமல் வரும் இணைப்புகளை மறிக்கும் விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்தார். ஃபோல்டர் திறந்தது. "பாத்தீங்களா சார், ஃபயர்வால்தான் தொல்லை." அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ரூட்டருக்குள் நுழைந்து கொஞ்ச நேரம் எதையோ மாற்றினார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "ஆப்டிமைஸ் பண்றேன் சார், இனிமே எந்த பிளாக்கும் வராது" என்றார். பில்லில் 'நெட்வொர்க் செக்யூரிட்டி செட்டப்' என்று தனியாக ஒரு வரி, அதற்குத் தனிக் கட்டணம். பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு பூட்டுக்குக் காசு வாங்கின கதை!

அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியின் கேடயச் சின்னம் சிவப்பாகவே நிற்பதைப் பார்த்து, கணினியில் நடப்பதன் பதிவேடுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். அதில் செக்யூரிட்டி லாக் என்ற பாதுகாப்புப் பதிவேடு முழுக்க 4625 என்ற எண். லாகின் தோல்வியடைந்தால் விண்டோஸ் பதிவு செய்யும் எண் அது. சில விநாடிக்கு ஒன்றாக வந்துகொண்டே இருக்கிறது. ஒன்றில் பயனர் பெயர் அட்மின், அடுத்ததில் யூசர், அதற்கடுத்ததில் டெஸ்ட். வந்த ஐ.பி. முகவரிகள் எதுவும் என் வீட்டு நெட்வொர்க்கைச் சேர்ந்தவை இல்லை.

ரூட்டருக்குள் போய்ப் பார்த்தபோதுதான் 'ஆப்டிமைஸ்' என்றால் என்னவென்று புரிந்தது. டி.எம்.இசட். ஹோஸ்ட் என்ற இடத்தில் என் கணினியின் முகவரி, 192.168.1.10. பெரிய அலுவலகங்களில் டி.எம்.இசட். என்பது உள் நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்த தனிப் பகுதி. வீட்டு ரூட்டரில் அதே பெயரில் இருப்பது வேறு சமாச்சாரம்: வெளியிலிருந்து கேட்காமல் வரும் எல்லாப் போக்குவரத்தையும் நீங்கள் சொல்லும் ஒரே ஒரு கணினிக்குத் தள்ளிவிடும். அந்தக் கணினியிலோ ஃபயர்வால் இல்லை. போதாக்குறைக்கு, கணினியைத் தொலைவிலிருந்து இயக்க விடும் ரிமோட் டெஸ்க்டாப்பையும் இயக்கி வைத்திருந்தார், அது இணைப்புக்காகக் காத்திருக்கும் போர்ட், அதாவது எண் போட்ட வாசல், 3389. ரூட்டரை வெளியிலிருந்தே நிர்வகிக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் திறந்து கிடந்தது. நான் வைத்திருந்த கடவுச்சொல் போய், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அட்மின், அட்மின். இப்படித் தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு விட்ட ரூட்டர்களையும் கேமராக்களையும் பிடித்துத்தான் 2016-இல் மிராய் என்ற தீநிரல் தன் படையைத் திரட்டியது. ஃபோல்டர் ஷேரிங் நடக்கும் 445-ஆம் போர்ட் வழியாகத்தான் 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை தீநிரல் உலகம் முழுக்கப் பரவியது. இதெல்லாம் இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாத விஷயமா?

சில இணைப்புகளில் ரூட்டரின் வான் (WAN) முகவரி, அதாவது இணையப் பக்கத்து முகவரி, 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கும். அப்படியென்றால் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறார்கள், டி.எம்.இசட். போட்டாலும் இணையத்திலிருந்து நேரே வந்து தட்ட முடியாது. என்னுடையது அந்த வகை இல்லை. நேரடிப் பொது முகவரி.

சரி, உண்மையான கோளாறுதான் என்ன? புது ரூட்டரை விண்டோஸ் புது நெட்வொர்க்காகக் கருதி 'பப்ளிக்' என்று குறித்துக்கொண்டது. பப்ளிக் என்றால் ஃபைல் ஷேரிங், பிரிண்டர் ஷேரிங் இரண்டையும் ஃபயர்வால் மறிக்கும், அதுதான் அதன் வேலை. செட்டிங்ஸில் அந்த நெட்வொர்க்கை 'பிரைவேட்' என்று மாற்றினேன். ஃபயர்வால் இயங்கும்போதே ஃபோல்டரும் திறந்தது, பிரிண்டரும் வந்தது. சோதனைக்காக ஃபயர்வாலை ஒரு நிமிடம் அணைத்துப் பார்ப்பதில் தப்பே இல்லை, கோளாறு எந்தப் பக்கம் என்று அதில் தெரியும். பார்த்த கையோடு மறுபடி இயக்கிவிட்டு, எந்த விதி தடுக்கிறது என்று தேட வேண்டும். அந்த இரண்டாவது பாதி வேலைக்குத்தானே ஆளைக் கூப்பிடுகிறோம்?

நிறுவனத்துக்குப் போன் செய்தேன். "ஃபோல்டர் திறக்கணும்னு கேட்டீங்க, திறந்துடுச்சு, நீங்களே கையெழுத்து போட்டிருக்கீங்க சார்" என்றார்கள். ஃபயர்வாலை மறுபடி இயக்க ஆள் அனுப்புவார்களாம், அதற்கு வேறு கட்டணமாம். செக்யூரிட்டி செட்டப் என்று வாங்கிய காசைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

யாராவது உள்ளே நுழைந்துவிட்டார்களா என்று பார்க்க 4624, அதாவது வெற்றியான லாகின்களை அலசினேன். லாகின் வகை 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்தது. அப்படி எதுவும் இல்லை. ஆனால் அந்தச் செக்யூரிட்டி லாக் பதிவேட்டின் கொள்ளளவு வழக்கமாக 20 எம்.பி.தான், நிரம்பினால் பழைய பதிவுகள் அழிந்துகொண்டே போகும். இத்தனை தோல்விப் பதிவுகள் குவிந்த பிறகு முதல் நாட்களின் பதிவு எங்கே இருக்கப் போகிறது? அதனால் ரூட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்தேன், கணினியில் விண்டோஸை முதலிலிருந்து நிறுவினேன், கடவுச்சொற்களை எல்லாம் வேறொரு கருவியிலிருந்து மாற்றினேன்.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒருவர் வந்து போயிருந்தால், ரூட்டரில் டி.எம்.இசட்., போர்ட் ஃபார்வர்டிங் (குறிப்பிட்ட போர்ட்டுக்கு வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கணினிக்கு அனுப்புவது), ரிமோட் மேனேஜ்மென்ட் மூன்றையும் இன்றே திறந்து பாருங்கள். தளத்தின் பெயரை ஐ.பி. முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சர்வரின் முகவரி உங்களுக்குத் தெரிந்ததுதானா என்றும் பாருங்கள், அதை மாற்றிவிட்டால் வங்கித் தளம் என்று நினைத்து வேறெங்கோ போய் நிற்பீர்கள். இன்னொன்று, தொலைவிலிருந்து உதவி செய்ய என்று ஒரு மென்பொருளைப் போட்டு, நிரந்தரக் கடவுச்சொல்லும் வைத்துவிட்டுப் போகிற பழக்கம் இவர்களில் சிலருக்கு உண்டு. நிறுவிய செயலிகளின் பட்டியலைத் தேதிவாரியாக அடுக்கினால், அவர் வந்த நாளில் நுழைந்தவை தனியாகத் தெரியும்.