‘சர்கார்’ மறுதேர்தல்: விதியா, நீதிமன்றமா, ஆணையமா?

‘சர்கார்’ 2018 தீபாவளிக்கு வெளிவந்த படம். ஆனாலும் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து டீக்கடைகளில் அதன் கதை மறுபடி விவாதத்துக்கு வந்துவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து ஓட்டுப் போட வரும் நாயகன் சுந்தர் ராமசாமியின் ஓட்டை யாரோ முன்பே போட்டுவிடுகிறார்கள். அவர் 49பி (49P) என்ற தேர்தல் விதியைச் சொல்லி வழக்காடுகிறார். அவரைப் பார்த்து ஓட்டைப் பறிகொடுத்த இலட்சக்கணக்கானோர் கிளம்புகிறார்கள். கடைசியில் மாநிலம் முழுவதற்கும் மறுதேர்தல். ஒரு ஓட்டிலிருந்து அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள்? இதற்கு மூன்று விதமாக விளக்கம் சொல்கிறார்கள்.

முதல் விளக்கம், 49பி-க்கே அந்தச் சக்தி உண்டு என்பது. அதிகம் பேர் நம்புவதும் இதைத்தான், சட்டென்று விழுந்துவிடுவதும் இதுதான். 49பி என்பது 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளில் ஒன்று. உங்கள் பெயரில் வேறொருவர் ஓட்டுப் போட்டுப் போய்விட்டால், வாக்குச்சாவடியின் தலைமை அலுவலர் உங்களிடம் கேள்வி கேட்பார். நீங்கள்தான் அந்த ஆள் என்று அவர் நம்பினால், அச்சிட்ட வாக்குச்சீட்டு ஒன்று கிடைக்கும். அதில் முத்திரை குத்திக் கொடுத்தால் தனி உறைக்குள் வைத்துவிடுவார். இயந்திரத்தை நீங்கள் தொடவே போவதில்லை. அந்தச் சீட்டு வாக்கு எண்ணிக்கையிலும் சேராது. நீதிமன்றம் கேட்டால்தான் உறை திறக்கும். ‘சர்கார் பட பாணியில் வாக்களித்தார்’ என்று நாளிதழ்கள் பிறகு எழுதியதெல்லாம் இந்த உறைக்குள் போன சீட்டுகளைப் பற்றித்தான். உரிமை என்ற அளவில் நல்ல ஏற்பாடு. ஆனால் ஆட்சியை நிறுத்தும் வேலை அதற்குக் கொடுக்கப்படவில்லை.

இரண்டாவது, நீதிமன்றம் ரத்து செய்தது என்ற விளக்கம். படம் சொல்வதும் இதைத்தான். இதில் பாதி உண்மை இருக்கிறது. தேர்தல் வழக்குப் போட வேட்பாளராக இருக்க வேண்டியதில்லை. அந்தத் தொகுதியின் வாக்காளரே முடிவு வந்த 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆக, சுந்தர் வழக்குப் போட்டதில் தவறில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான். தேர்தல் வழக்கைத் தவிர வேறு வழியில் தேர்தலைக் கேள்வி கேட்க முடியாது என்று அரசியலமைப்பின் 329-ஆவது பிரிவு கதவைச் சாத்திவைத்திருக்கிறது. வழக்கும் தொகுதிவாரியாகத்தான். கள்ள ஓட்டு விழுந்தது என்று காட்டினால் போதாது, அதனால் முடிவே மாறியது என்றும் நிரூபிக்க வேண்டும். ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் 2008-இல் வித்தியாசம் ஒரே ஒரு ஓட்டு. அதனால்தான் அங்கே உறைக்குள் இருந்த சீட்டுகளைப் பற்றிய சண்டை உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆயிரக்கணக்கில் ஜெயித்த இடத்தில் அந்த உறையை யார் சீண்டப் போகிறார்கள்?

வேகம் இன்னொரு தொல்லை. 2016-இல் ராதாபுரத்தில் 49 ஓட்டில் முடிவான தேர்தலுக்கு, உயர் நீதிமன்றம் மறுஎண்ணிக்கைக்கு உத்தரவிட்டது 2019-இல். எண்ணியதை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது. படத்தில் முதலமைச்சர் பதவியேற்பதற்குள் நீதி வந்துவிடுகிறது. இடைவேளைக்குள் ஏதாவது நடந்தாக வேண்டுமே!

மூன்றாவது விளக்கத்தைப் படம் தொடவில்லை. டெல்டாக்காரர்களுக்கோ அது நேரில் பார்த்த கதை. 2016 மே 16-இல் தமிழகமே ஓட்டுப் போட்டது, தஞ்சாவூரும் அரவக்குறிச்சியும் தவிர. பணப் பட்டுவாடா புகாரால் தேர்தல் ஆணையம் இந்த இரண்டையும் முதலில் ஒரு வாரம் தள்ளியது, பிறகு ஜூன் 13-க்குத் தள்ளியது, கடைசியில் அறிவிக்கையையே திரும்பப் பெற்றுக்கொண்டது. நவம்பர் 19-இல்தான் வாக்குப்பதிவு நடந்தது. 2017-இல் ஆர்.கே. நகர், படம் வந்த பிறகு 2019-இல் வேலூர் மக்களவைத் தொகுதி என்று இதே கதை தொடர்ந்தது. ஒரு தேர்தலை இருந்த இடம் தெரியாமல் ஆக்குவதற்கான வேகமும் அதிகாரமும் ஆணையத்திடம்தான் இருக்கின்றன.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. மேற்சொன்னவை எல்லாம் வாக்குப்பதிவுக்கு முன்பே ரத்தானவை. ஓட்டு விழுந்த பிறகு ரத்து செய்ய, வாக்குச்சாவடியைக் கைப்பற்றியதற்கான, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 58ஏ பிரிவு இருக்கிறது. அதற்கும் தேர்தல் அலுவலரின் அறிக்கை வேண்டும், எல்லையும் அந்தத் தொகுதியோடு சரி. 234 தொகுதிகளையும் ஒரே வீச்சில் துடைத்தெறிய மூன்று வழியிலும் இடமில்லை. இருந்தாலும், எது உண்மைக்கு அருகில் இருக்கிறது என்று என்னைக் கேட்டால் மூன்றாவதையே எடுப்பேன். முடிவு அறிவிப்பதற்கு முன்பே, தொகுதி தொகுதியாகக் கள்ள ஓட்டு அறிக்கைகள் ஆணையத்தின் மேஜையில் குவிந்தன என்று ஒரு காட்சி வைத்திருந்தால் பாதிக் கேள்விகள் எழுந்தே இருக்காது.

ஏன் வைக்கவில்லை? சட்டம் தெரியாததால் என்று நான் நினைக்கவில்லை. கள்ள ஓட்டுக் கதையில் வாக்காளர் பறிகொடுத்தவர். திரையரங்கில் இருக்கும் அத்தனை பேரும் நாயகனோடு சேர்ந்து கோபப்படலாம். தஞ்சாவூர்க் கதையில் பணம் கொடுத்தவர் என்று ஒருவர் இருந்தால் வாங்கியவர் என்றும் ஒருவர் இருப்பார். அவரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு நாலாவது வரிசையில் உட்கார்ந்திருப்பார். அரசு கொடுத்த இலவசப் பொருள்களைத் தீயில் போடும் காட்சிக்கே அன்றைய ஆளுங்கட்சியினர் திரையரங்குகளை முற்றுகையிட, அதை வெட்ட வேண்டி வந்தது. ஓட்டுக்குப் பணம் வாங்கிய கையையும் காட்டியிருந்தால் எதிர்ப்பு கட்சிக்காரர்களோடு நின்றிருக்காது.