டெல்டாப் பாலங்களும் 18 அங்குல வீலும்: ஆடி டிடி பயன்பாட்டு அனுபவம்

மன்னார்குடியில் இருக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் பழைய ஆடி டிடி (Audi TT) ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். இரண்டாம் தலைமுறை, 2.0 டர்போ, குவாட்ரோ (நான்கு வீல்களுக்கும் விசை போகும் வகை). என்னிடம் இருப்பதும் அதே வண்டிதான். அவருடையது 17 அங்குல வீலில் நிற்கிறது. "19 போடலாமா, இல்லையென்றால் 18 ஆவது போடலாமா?" என்று கேட்டிருந்தார். அந்தக் கேள்வி வந்த வாரத்தில்தான் என் வண்டியின் இடது முன்வீல் பெண்டு எடுக்கப்பட்டுப் பட்டறையிலிருந்து திரும்பியிருந்தது. ஆகவே இந்தப் பதிலில் கொஞ்சம் சூடு இருக்கும். ஆனாலும் 18 அங்குல வீலைச் சில ஆண்டுகளாகக் கும்பகோணம், தஞ்சாவூர், திருவாரூர்ச் சாலைகளில் ஓட்டி வருபவன் என்ற முறையில் அதன் நல்லதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் அளவுகள். 17 அங்குலத்துக்கு 245/45, 18 அங்குலத்துக்கு 245/40, 19 அங்குலத்துக்கு 255/35. முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில்; இரண்டாவது, பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. மூன்றுமே தயாரிப்பாளர் இந்த வண்டிக்குக் கொடுத்த அளவுகள்தான். 17க்கும் 18க்கும் டயரின் மொத்த விட்டத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வேறுபாடு என்பதால், ஸ்பீடோமீட்டரோ கியர் மாறும் விதமோ மாறுவதில்லை. 19க்குப் போனால் விட்டம் 9 மி.மீ. கூடுகிறது, வேகக் கணக்கில் அது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், அதுவும் பொருட்படுத்த வேண்டியதில்லை. மாறுவது பக்கச்சுவரின், அதாவது ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் உள்ள டயரின், உயரம்: 17இல் 110 மி.மீ., 18இல் 98, 19இல் 89. பேச வேண்டிய செய்தி முழுவதும் இந்த மூன்று எண்களுக்குள்தான் இருக்கிறது.

18 தரும் இன்பம் உண்மையானது. திருச்சி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் வல்லத்தைத் தாண்டி வரும்போது ஸ்டீயரிங்கைச் சற்றே திருப்பினாலும், திருப்பிய அந்தக் கணத்திலேயே வண்டியின் மூக்கு திரும்புகிறது. 17இல் பக்கச்சுவர் முதலில் சற்று மடங்கி, அதன் பிறகுதான் வண்டி திரும்பத் தொடங்கும்; அந்தச் சிறு தாமதம் 18இல் இல்லை. வேகமாகத் தடம் மாறும்போது பின்புறம் அசையாமல் ஒட்டி நிற்கிறது. கல்லணை–பூம்புகார் சாலையில் காவிரிக் கரையை ஒட்டி வளைந்து வளைந்து போகும் பகுதிகளில், விடியற்காலையில் வேறு வண்டிகள் இல்லாதபோது, இந்த வண்டியை இதற்காகத்தான் வாங்கினேன் என்று ஒவ்வொரு வளைவிலும் தோன்றும். மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4 டயர் போட்ட பிறகு ஐப்பசி மழையிலும் வண்டி மீதான நம்பிக்கை குறையவில்லை. ஆனால் மழைப் பிடிப்புக்கு வீல் அளவு காரணமன்று. 17இலும் 18இலும் டயரின் அகலம் அதே 245தான். அந்தப் பெருமை டயரைச் சேரும்.

இனி பாலங்கள். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடக்க வேண்டும். இடையில் வரும் வாய்க்கால் பாலங்களும் மதகுகளும் தனி. டெல்டாவில் எந்தத் திசையில் போனாலும் நிலைமை இதுதான். பாலம் ஆழமான அடித்தளத்தின் மேல் நிற்கிறது, அது இறங்குவதில்லை. பாலத்துக்கு முன்னும் பின்னும் உள்ள சாலையோ கொட்டி மேடாக்கிய மண்ணின் மேல் கிடக்கிறது, அதன் அடியில் இருப்பது ஆற்று வண்டலும் களிமண்ணும். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறந்து ஜனவரி 28இல் மூடும்வரை கரையெல்லாம் ஈரம். அதன் பிறகு கோடையில் வயல் பாளம் பாளமாக வெடிக்கிற அளவுக்குக் காய்ச்சல். இந்த ஊறலிலும் உலர்விலும் அணுகுசாலை சிறிது சிறிதாக அமுங்குகிறது, பாலத்தின் விளிம்பு ஒரு படியாக மேலே நிற்கிறது. அந்தப் படியை மறைக்கத் தார் பூசுகிறார்கள். அடுத்த பருவத்தில் பூச்சுக்கு முன்னால் இன்னொரு பள்ளம் உண்டாகிறது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் சாலை சமமாகத்தான் தெரியும். சாய்வாக வெயில் விழும் மாலை நேரத்தில் மட்டும் அந்த விளிம்பின் நிழல் ஒரு கோடாகத் தெரியும்.

இங்கேதான் 12 மில்லிமீட்டர் வந்து நிற்கிறது. 110க்கும் 98க்கும் இடையே உள்ளது ஒன்பதில் ஒரு பங்கு குறைவுதானே என்று கடையில் சொல்வார்கள். ஆனால் பக்கச்சுவரின் உயரம் முழுவதும் அமுங்குவதற்கென்று இருப்பதன்று. ரிம்மின் விளிம்பு 17 மி.மீ. அளவுக்கு டயரோடு சேர்ந்து மேலே எழும்பி நிற்கிறது. தரையில் படும் ரப்பரும் அதன் உள்ளே இருக்கும் கம்பிப் பட்டையும் இன்னொரு 15 மி.மீ. எடுத்துக்கொள்கின்றன. மிச்சம் 17இல் 78 மி.மீ., 18இல் 66, 19இல் 57. ரிம் கல்லைத் தொடுவதற்கு முன் டயர் விட்டுக்கொடுக்கக்கூடிய தூரம் அவ்வளவுதான். ஆக 18க்குப் போனால் ஆறில் ஒரு பங்கை இழக்கிறோம், 19க்குப் போனால் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். பெரிய வீல் பெரும்பாலும் கனமாகவும் இருப்பதால், படியில் மோதி மேலே தூக்கப்பட்ட பிறகு சஸ்பென்ஷன் அதைத் தரைக்குத் திருப்பிக் கொண்டுவரவும் கூடுதலாகப் பாடுபட வேண்டியிருக்கிறது.

பாபநாசத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடையே ஒரு சிறிய வாய்க்கால் பாலத்தில், எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கி ஓரமாக ஏறியபோது, இடது முன்வீல் அந்த விளிம்பில் நேராக மோதியது. சத்தம் ஒரே ஒரு முறை, தட்டென்று, காற்று இறங்கவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு எண்பதைத் தாண்டினால் மட்டும் ஸ்டீயரிங்கில் ஒரு நடுக்கம். கடையில் பேலன்ஸிங் இயந்திரத்தில் ஏற்றிச் சுற்றவிட்டார்கள். வெளிப்பக்கம் கத்தியின் ஓரம் மாதிரி நேராக ஓடியது. உள்பக்க விளிம்போ ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் உள்ளே போய் வெளியே வந்தது. பையன் சாக்பீஸை அருகில் பிடித்தான். ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் கோடு விழவில்லை. "உள் லிப்பு அடிவாங்கியிருக்கு சார், வெளியே பார்த்தா தெரியாது" என்றான். டயரைக் கழற்றியபோது அதன் உள்பக்கச் சுவரிலும் விரல் நுனியளவு ஒரு வீக்கம் இருந்தது. அந்த வீக்கம் என்பது உள்ளே நூலிழைகள் அறுந்துவிட்டன, ரப்பர் மட்டும் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதற்கான அடையாளம். அதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது, தூக்கிப் போட்டே ஆக வேண்டும். ஒரே அச்சில் ஒரு பக்கம் தேய்ந்த டயரும் மறுபக்கம் புது டயரும் இருப்பதும் சரியன்று. ஒரு டயரின் வீக்கத்துக்கு இரண்டு டயருக்கான பணம் போயிற்று.

வீலை எங்கே கொடுத்தேன் என்பதைவிட, என்ன கேட்டேன் என்பது முக்கியம். கேஸ் அடுப்பில் வாட்டி நிமிர்த்துவதாகச் சொன்ன இடத்திலிருந்து வீலைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வார்ப்பு அலுமினியம் அளவான சூட்டில் பதப்படுத்தப்பட்டு வலுப்பெறுவது. நெருப்பைக் காட்டினால் அந்தப் பதம் அந்த இடத்தில் தளர்ந்துவிடும். அடுத்த மோதலில் அதே இடம் இன்னும் எளிதாக வளையும் அல்லது விரிசல் விடும். குளிர்ந்த நிலையிலேயே ஹைட்ராலிக் அழுத்தத்தில் நிமிர்த்தி, விரிசல் உண்டா என்று சாயம் தடவிப் பார்த்துக் கொடுக்கிற பட்டறையைத் தேடித்தான் கொடுத்தேன். பற்றவைத்துப் பூசிய ரிம்மை எக்காரணம் கொண்டும் முன் அச்சில் போடாதீர்கள்.

பாலங்களுக்கு அடுத்தது அறுவடைக் காலம். தை, மாசியில் சம்பா வரும்போது களம் போதாமல் சாலையில் பாதியை நெல் எடுத்துக்கொள்ளும். நெல்லின் மேல் வண்டி ஏறாதிருக்க ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை, விலகிப் போக வேண்டியவர்கள் நாம்தான். ஆனால் இரவில், எதிர் விளக்கு கண்ணில் அடிக்கும்போது, அந்தக் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்ற கேள்வி எழுத்தில் இருப்பதைவிடப் பெரியதாகத் தெரியும்.

இவ்வளவுக்குப் பிறகும் பெரிய வீல்தான் வேண்டும் என்றால், கடைக்காரர் காட்டும் வடிவத்தைப் பார்க்கும் முன் எண்களைப் பார்க்க வேண்டும். ஐந்து போல்ட், 112 மி.மீ. வட்டம், நடுத்துளை 57.1 மி.மீ.; நடுத்துளை பெரிதாக இருக்கும் வெளிச்சந்தை வீலுக்கு அளவான வளையம் போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் நடுக்கம் போகாது. 18 அங்குலத்தில் கம்பெனி வீல் 9 அங்குல அகலம், ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியோடு பொருந்தும் முகம் வெளிப்புறமாகத் தள்ளியிருக்கும் தூரம்) 52 மி.மீ. குறைந்த ஆஃப்செட்டில் வீல் வெளியே தள்ளி நிற்பது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பின்பக்கம் முழுச் சுமையோடு இதே பாலங்களில் இறங்கும்போது டயர் மட்கார்டின் விளிம்பில் உரசும். கம்பெனி போல்ட்டின் தலையடி உருண்டையாக இருக்கும். வெளிச்சந்தை வீல்களில் பெரும்பாலானவை கூம்பு வடிவப் போல்ட்டைக் கேட்பவை. மாற்றிப் போட்டால் இறுக்கியதாகத் தெரியும், இறுகியிருக்காது. கம்பெனி அளவுக்குள் இருப்பதில் இன்னொரு நன்மை, வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவையோ காப்பீட்டுக்காரரையோ பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. காற்றைக் காலையில், வண்டி நகரும் முன், கதவோர ஸ்டிக்கரில் உள்ளபடி பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் ஓடிய டயரில் அளந்து காற்றை இறக்கிவிடுவது பக்கச்சுவரைத் தானே பலவீனப்படுத்துவதற்குச் சமம்.

ஓட்டும் சுகத்தைக் கேட்டால் 18. தோற்றத்தைக் கேட்டாலும் 18. சட்டம், ஸ்பீடோமீட்டர், மழை எதிலும் அது 17க்குக் குறைந்ததன்று. இருந்தும் நண்பருக்கு என் பதில் 17தான். 19ஐப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் முன்னால் பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, பின்னால் வருகிறவன் ஹாரன் அடிக்க, விளிம்பைத் தேடிக்கொண்டு போகும் ஓட்டம் எனக்குப் போதும் என்றாகிவிட்டது. மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் வழியாகத் தஞ்சைக்குத் தினம் போய்வருகிறவருக்கு, திருச்சிச் சாலையின் அரை மணி நேரச் சுகத்துக்காக இந்தப் பதற்றத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர் வண்டியோடு வந்த வீல்கள் நல்ல நிலையில் இருக்கின்றன. வீலுக்கு வைத்திருக்கும் பணத்தில் 245/45 அளவில் நல்ல டயர் நான்கையும் ஒரே சமயத்தில் வாங்கிப் போட்டு, பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்பு எண்ணில் வாரத்தையும் ஆண்டையும் பார்த்துவிட்டு, அலைன்மென்ட் செய்துகொள்ளட்டும்.

என் 18 அங்குல செட்டை விலைக்குக் கேட்டிருக்கிறார். வளைந்து நிமிர்த்திய ரிம் ஒன்று அதில் இருக்கிறது. அதை அவருக்கு மட்டுமல்ல, யாருக்கும் நான் விற்கப் போவதில்லை.