மேட்டா, கிளாஸியா? இரண்டு லேப்டாப்புகளில் வேலை செய்து பார்த்த அனுபவம்

லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் பிராசசர், ரேம், எஸ்எஸ்டி எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். திரை மேட்டா (பளபளப்பில்லாதது), கிளாஸியா (கண்ணாடி மாதிரிப் பளபளப்பது) என்று கேட்பவர்கள் குறைவு. எஸ்எஸ்டி போதவில்லை என்றால் இரண்டு வருடம் கழித்துப் பெரியதாகப் போட்டுக்கொள்ளலாம். திரையை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது. தினமும் மணிக்கணக்கில் நாம் பார்த்துக்கொண்டிருப்பதும் அதைத்தான்.

என் வேலை தமிழ்ப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது, மெய்ப்புப் பார்ப்பது. மதுரையில் வீட்டிலிருந்தே செய்கிறேன். பகல் முழுக்க எழுத்து. ராத்திரியில் அட்டைப்படம், உள்ளே வரும் புகைப்படங்கள். இதற்காக இரண்டு லேப்டாப்புகளைப் பல வருடங்களாக மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். ஒன்று 15.6 அங்குலம், ஃபுல் எச்டி ஐபிஎஸ் (எல்சிடியில் ஒரு வகை), மேட் திரை. இன்னொன்று 14 அங்குலம், 2880×1800 ஓஎல்இடி (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் வகை), கிளாஸி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுத்து வேலை அதிகம் உள்ளவரும், உட்காரும் இடத்தின் வெளிச்சத்தை மாற்ற வசதியில்லாதவரும் மேட்தான் வாங்க வேண்டும். ஆனால் மேட் என்று போட்டிருக்கிறது என்பதற்காகவே ஒரு திரையை நம்பி வாங்கிவிடக் கூடாது. ஏன் என்று விளக்குகிறேன்.

வழவழப்பான கண்ணாடியின் மேல் நேராக விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதம் திரும்பி வரும். கேட்க ரொம்பக் குறைவாகத் தெரியும். ஆனால் எரியும் ட்யூப் லைட்டின் பரப்பு ஏறத்தாழ 10,000 நிட் ஒளிர்வு கொண்டது (நிட் என்பது ஒரு பரப்பின் பிரகாசத்தை அளக்கும் அலகு). அதில் 4 சதவீதம் என்றால் 400 நிட். சாதாரண லேப்டாப்பில் பிரைட்னஸை முழுக்க ஏற்றினாலும் வெள்ளை 250, 300 நிட்தான் வரும். அதாவது கிளாஸி திரையில் தெரியும் ட்யூப் லைட்டின் பிம்பம், திரையில் இருக்கும் வெள்ளைக் காகிதத்தை விடப் பிரகாசமாக இருக்கும். பின்னால் வெள்ளைச் சுவர் மட்டும் இருந்தால் நிலைமை பரவாயில்லை, திரும்பி வருவது 3 நிட் அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் கறுப்பைக் கெடுக்க அந்த 3 நிட்டே போதும். ஓஎல்இடியின் பெருமையே கறுப்புதான்; ஜன்னல் திறந்திருக்கும் ஹாலில் பகல் நேரத்தில் அந்தக் கறுப்பைப் பார்க்கவே முடியாது.

மேட் திரை இந்த வெளிச்சத்தை விழுங்கிவிடுவதில்லை. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். திரையின் மேலே ஒட்டியிருக்கும் போலரைசர் என்ற ஒளிவடிகட்டிப் படலத்தின் பரப்பைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாக்கியிருப்பார்கள். விழும் வெளிச்சம் ஒரே திசையில் திரும்பாமல் பல திசைகளில் சிதறும். ட்யூப் லைட் கோடாகத் தெரியாமல் வெளிறிய புகை மாதிரிப் பரவும். பிம்பம் கலைகிறது, வெளிச்சம் அப்படியே இருக்கிறது. மூன்றாவதாக ஒன்று உண்டு: ஒளியின் அலைநீளத்தை விட மெல்லிய பூச்சு ஒன்றைக் கண்ணாடி மேல் படிய வைத்து, திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளச் செய்வது. இதுதான் ஆன்ட்டி-ரிஃப்ளெக்ஷன். இது வெளிச்சத்தை நிஜமாகவே குறைக்கும். விளம்பரத்தில் ஆன்ட்டி-கிளேர் என்று இருந்தால் பெரும்பாலும் மேட். ஆன்ட்டி-ரிஃப்ளெக்ஷன் என்று இருந்தால் கிளாஸியாகவும் இருக்கலாம். வாங்கும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இப்போது வீட்டுக்கு வருவோம். நம் வீடுகளில் மேசையைச் சுவரோடு ஒட்டித்தான் போடுவோம். அதனால் வாசலோ ஜன்னலோ முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். லேப்டாப் திரை வேறு கொஞ்சம் பின்பக்கம் சாய்ந்தே நிற்கும். ஆகவே அது நம் முகத்தை மட்டுமல்ல, மேல்சுவரில் இருக்கும் ட்யூப் லைட்டையும் சுற்றும் ஃபேனையும் பிரதிபலிக்கும். கிளாஸியில் எனக்குப் பெரிய தொந்தரவு இந்த ஃபேன்தான். அசையாத பிம்பத்தை மனம் சீக்கிரம் ஒதுக்கிவிடும், சுழல்வதை ஒதுக்காது. வெள்ளைப் பக்கத்தில் எழுத்துத் திருத்தும்போது அவ்வளவு தெரியாது. படம் திருத்தும் மென்பொருள் கருஞ்சாம்பல் பின்னணியில் திறந்ததும் ஃபேன், ஜன்னல் கம்பி, என் சட்டை எல்லாம் தெரியும். டார்க் மோட் கண்ணுக்கு நல்லது என்று போட்டுக்கொள்பவர்கள், கிளாஸி திரையில் பகலில் அது எப்படி இருக்கிறது என்று ஒரு தரம் கவனித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. கண்ணாடியில் தெரியும் பிம்பம் திரையின் பரப்பில் இருப்பதில்லை. விளக்கு திரையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருந்தால், பிம்பமும் திரைக்குப் பின்னால் இரண்டு மீட்டர் ஆழத்தில் நிற்கும். எழுத்து அரை மீட்டரில், பிம்பம் அதை விட ரொம்பத் தூரத்தில்; கண் இரண்டுக்கும் நடுவே அல்லாடுகிறது. கிளாஸியில் நாள் முழுக்க மெய்ப்புப் பார்த்தால் சாயங்காலம் கண் எரிகிறது, கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. கழுத்து வலிக்குக் காரணம், பிம்பத்தைத் தவிர்க்க நம்மை அறியாமலேயே உடம்பைச் சாய்த்து உட்காருவதுதான் என்பது என் அனுபவம். மேட்டில் அதே வேலை, அதே நேரம் செய்தால் இந்தத் தொல்லை பாதிகூட இல்லை. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1990-இல் கொண்டுவந்த கணினித் திரை வேலைக்கான 90/270 என்ற உத்தரவிலேயே, தொந்தரவு தரும் பிரதிபலிப்பு திரையில் இருக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். அலுவலகத்துக்கென்று செய்யப்படும் திங்க்பேட் போன்ற லேப்டாப்புகளில் பெரும்பாலும் மேட் திரையே வருவதைப் பார்க்கிறோம்.

ஒரு காலத்தில் லேப்டாப் என்றாலே மேட்தான். 2003-க்குப் பிறகுதான் கிளாஸி பெருகியது. சோனி எக்ஸ்பிரைட், எச்பி பிரைட்வியூ, ஏசர் கிறிஸ்டல்பிரைட், டெல் ட்ரூலைஃப் என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். ஆப்பிள் 2008 அக்டோபரில் 15 அங்குல மேக்புக் ப்ரோவைக் கிளாஸியில் மட்டும் விட்டது. அடுத்த ஆண்டே 50 டாலர் கூடுதலுக்கு ஆன்ட்டி-கிளேர் திரையைத் திரும்பக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வந்த எம்4 மேக்புக் ப்ரோவில் நானோ-டெக்ஸ்சர் என்ற மேட் கண்ணாடிக்கு 150 டாலர் கூடுதல். மேட் என்றால் மலிவு என்ற எண்ணம் இனியும் செல்லாது.

அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பட்ஜெட் லேப்டாப்புகளில் வரும் மேட் திரைகள் பெரும்பாலும் 250 நிட், 45 சதவீதம் என்டிஎஸ்சி வகை (என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி இரண்டும் ஒரு திரை எவ்வளவு வண்ணங்களைக் காட்டும் என்று ஒப்பிடும் அளவுகோல்கள்). எஸ்ஆர்ஜிபி வண்ணங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் அவற்றில் வரும். குங்குமச் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும், மயில் பச்சை வெளுத்துவிடும். அந்தத் திரையை வைத்து அட்டைப்படம் செய்தால் அச்சில் வேறு ஏதோ வந்து நிற்கும். இதையெல்லாம் பார்த்துவிட்டு மேட்டில் கலர் வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். குறை உள்ளே படத்தைக் காட்டும் பேனலில்தான் இருக்கிறது, மேற்பரப்பில் இல்லை. 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி, 400 நிட் உள்ள மேட் திரையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

சரி, கிளாஸிக்கு வருகிறேன், ஏனென்றால் அதற்கு நியாயம் செய்ய வேண்டும். தமிழ் எழுத்துக்குப் புள்ளிதான் உயிர். அடிக்குறிப்பில் சின்ன எழுத்தில் வரும் ஒற்றுகளில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. என் 15.6 அங்குல மேட் திரையில் அங்குலத்துக்கு 141 பிக்சல். 14 அங்குல கிளாஸியில் 243. மேட்டின் சொரசொரப்பு வெள்ளைப் பரப்பில் மிக மெல்லிய மினுமினுப்பாகத் தெரியும், அது புள்ளியின் விளிம்பைக் கொஞ்சம் கரைக்கும். கிளாஸியில் அச்சடித்த மாதிரி நறுக்கென்று நிற்கும். அதனால் கடைசி மெய்ப்பை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு கிளாஸியில்தான் பார்க்கிறேன். இதில் பெரிய பங்கு பிக்சல் அடர்த்திக்கு என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு வைத்திருந்த 1366×768 மேட் லேப்டாப்பில், அங்குலத்துக்கு 100 பிக்சல்தான், ‘ண்’ எழுத்தின் புள்ளி தலையோடு ஒட்டிப் போய்விடும். தமிழில் நிறைய படிக்கிறவர்கள் ஃபுல் எச்டிக்குக் கீழே எதையும் வாங்காதீர்கள்.

வெயிலில் கதை மாறுகிறது. மதுரையிலிருந்து காலையில் கிளம்பும் வைகை எக்ஸ்பிரஸில் அடிக்கடி சென்னை போவேன். வண்டி வடக்கு நோக்கிப் போவதால் காலை வெயில் வலது பக்க ஜன்னல் வழியாக வரும். வெயில் நேராக மேட் திரையில் விழுந்தால், எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் திரை முழுக்க வெளுத்துவிடும், ஏனென்றால் எல்லாத் திசையிலும் சிதறுவதுதான் அதன் குணம். கிளாஸியை ஒரு கோணத்தில் சாய்த்தால் வெயில் வேறு பக்கம் போய்விடும், கண்ணுக்கு எதிரே என் சட்டையின் பிம்பம் மட்டும் நிற்கும். கறுப்புச் சட்டை போட்டிருந்தால் நன்றாகவே படிக்கலாம். ஆக, நேர் வெயிலில் கிளாஸி, நிழலான ஆனால் வெளிச்சமான இடத்தில் மேட். நான் இடது பக்க இருக்கையாகப் பார்த்து எடுத்துக்கொண்டு மேட்டைக் கொண்டுபோகிறேன்.

பழசாகப் பழசாக இரண்டும் வேறு வேறு விதமாகக் கெடுகின்றன. மேட்டில், மூடும்போது கீபோர்டின் எண்ணெய்ப் பசை திரையில் ஒட்டி, சதுரம் சதுரமாகப் பளபளக்கும் தடம் விழும். சொரசொரப்புக்குள் எண்ணெய் இறங்கிவிடுவதால் ஒரே துடைப்பில் போகாது. டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணியால், அழுத்தாமல், இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டும். கிளாஸியில் விரல் ரேகை உடனே கண்ணில் படும், உடனே போய்விடும். கீறல் விழுந்தால் மட்டும் அப்படியே நிற்கும். பூச்சு உள்ள கிளாஸி என்றால் கூடுதல் கவனம் தேவை. ஒரு சர்வீஸ் கடையில் ஜன்னல் கண்ணாடி துடைக்கும் திரவத்தை அடித்து என் திரையைத் துடைத்தார்கள். ஓரத்தில் பூச்சு திட்டுத் திட்டாக மங்கியது மங்கியதுதான். அமோனியா உள்ள திரவம் எதையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள், கடைக்காரர் துடைக்க வந்தாலும் தடுங்கள்.

கிளாஸி வாங்கி மேலே மேட் ஃபிலிம் ஒட்டிக்கொள்ளலாமே என்பார்கள். ஒட்டிப் பார்த்தேன், எடுத்துவிட்டேன். பட்டர் பேப்பரை எழுத்தின் மேல் படிய வைத்தால் தெளிவாகத் தெரியும், கொஞ்சம் தூக்கினால் மங்கிவிடும் இல்லையா, அதே விஷயம்தான். ஃபிலிமின் சொரசொரப்பு பிக்சலிலிருந்து கண்ணாடித் தடிமன் அளவு தள்ளி நிற்கிறது. எழுத்து கலங்கும், மினுமினுப்பு கூடும். டச் ஸ்கிரீன் வேண்டும் என்றால் மட்டும் பெரும்பாலும் கிளாஸியைத் தவிர வழியில்லை.

கடையில் பார்க்கும்போது டெமோ வீடியோவை நம்ப வேண்டாம், பூவும் கிளியும் எந்த கிளாஸியிலும் அழகாகத்தான் இருக்கும். திரையை அணைத்துவிட்டு, உங்களுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று பாருங்கள். பிறகு ஒரு தமிழ் பிடிஎஃப்பைச் சின்ன எழுத்தில் திறந்து வெள்ளைப் பகுதியில் மினுமினுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை நிட், எத்தனை சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். 300 நிட்டுக்குக் கீழே என்றால் நான் வேண்டாம் என்பேன்.

ஏற்கெனவே மங்கலான மேட் திரையோடு இருப்பவர்களுக்கும் வழி உண்டு. 15.6 அங்குல ஃபுல் எச்டி லேப்டாப்புகள் பலவற்றில் 30 பின் இடிபி (திரையை மதர்போர்டோடு இணைக்கும் முறை) பேனல்தான் இருக்கும். அதே அளவில் 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி மேட் பேனல் தனியாகக் கிடைக்கிறது. 120, 144 ஹெர்ட்ஸ் திரை என்றால் பெரும்பாலும் 40 பின் இருக்கும், அதற்கு இது பொருந்தாது. பழைய பேனலின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணையும், திருகு மாட்டும் காதுகள் இருக்கின்றனவா என்பதையும் படம் எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊரில் நம்பிக்கையான கடையிலோ காட்டுங்கள். போட்டு, எரியவிட்டு, வெள்ளையிலும் கறுப்பிலும் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.