காசு வாங்காமல் வந்து எங்கள் தோட்டத்துக்குப் பிளான் போட்டவர்கள்

கொழும்பில் கொட்டாஞ்சேனைப் பக்கம், நாற்பது சொச்சம் வீடுகள் உள்ள குடியிருப்புத் தோட்டம் எங்களுடையது. மழை பலத்தால் கான் (வடிகால்) தண்ணீர் அடுப்படி வரை வரும். தெரிந்த ஒருவர் மூலமாகத் தொண்டு செய்யும் கட்டடக்கலைஞர்கள் நாலு பேர் வந்தார்கள். ஒரு சதமும் வாங்கவில்லை, மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைக்கூடக் கையோடு கொண்டுவந்தார்கள் (அது எங்கள் ஆச்சிக்குப் பிடிக்கவில்லை, அது வேறு கதை).

முதல் நாள் காட்டிய படத்தில் பூச்சாடியும், உட்காரும் வாங்கும்தான் (பெஞ்சு) இருந்தன. எனக்கு எரிச்சல். பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "தம்பி, இந்த முடுக்கால பிரேதப் பெட்டியத் திருப்ப ஏலுமா?" மடிக்கணினியை மூடிவிட்டார்கள். பெட்டி நீளத்துக்கு ஒரு பலகையை எடுத்து, நாலு பேரும் தோளில் வைத்துக்கொண்டு முடுக்கு முழுக்க நடந்தார்கள். இரண்டு இடத்தில் முட்டியது, அதில் ஒன்று என் வீட்டுப் படி! இடிக்கச் சொல்லவில்லை, பக்கவாட்டில் திருப்பலாம் என்று அங்கேயே சோக்கால் கீறிக் காட்டினார்கள்.

பழைய ஆட்களுக்கு இது புதிதல்ல. 1984இல் இலங்கை அரசாங்கம் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்திலும் அதிகாரிகளும் சனமும் ஒன்றாக உட்கார்ந்துதான் திட்டம் போட்டார்கள், கானையும் பாதையையும் போடும் ஒப்பந்தத்தைக்கூடத் தோட்டத்துச் சங்கங்களுக்கே கொடுத்தார்கள். ஆனால் இப்போது யாராவது அளவுநாடாவோடு வந்தாலே காணியைப் பிடிக்கப் போகிறார்கள் என்ற பயம்தான் முதலில் வரும். 1967 முதல் இப்படித் தொண்டர் குழுக்களை ஊர்களுக்கு அனுப்பும் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் சங்கத்தில், போனவர்கள் அந்த வேலையால் பிறகு வரும் ஒப்பந்தங்களை எடுக்கக் கூடாது என்று விதியே உண்டு. அதைச் சொல்லி, நீங்களும் அப்படியா என்று நேராகவே கேட்டேன். எழுதிக் கையெழுத்து வைத்துத் தந்தார்கள், அப்புறம்தான் சனம் வாய் திறந்தது.

குறை இல்லாமல் இல்லை. படத்தில் குறிப்பெல்லாம் சிங்களமும் ஆங்கிலமும்தான், தமிழ் வேண்டும் என்று இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது. எவ்வளவு செலவு முடியும் என்ற கணக்கும் இல்லை. கடைசியில் எங்கள் மேசன் பாஸ்தான் சீமெந்து, மணல் எல்லாம் கணக்குப் பார்த்தார். படத்தைத் தந்தபிறகு ஆட்களைப் பிடிப்பதும் கஷ்டம், அவர்களுக்கும் வேலை இருக்கிறது, சரி, விளங்குகிறது, ஆனாலும் ஒருவராவது கான் முடியும்வரை நின்றிருக்கலாம்.

ஐந்துக்கு மூன்றரை போடுவேன். என் படியைத் திருப்பியாச்சு, கான் பாதியில் நிற்கிறது. நீங்கள் கூப்பிடுவதென்றால் ஐப்பசி மழைக்குள் கூப்பிடுங்கள், வெயில் நாளில் வந்தால் பூச்சாடிதான் கீறுவார்கள்.