சேலத்தில் பி.எஸ்சி. ரேடியோகிராபி: நான்கு ஆண்டுகள் படித்து முடித்தவளின் மதிப்புரை

சேலத்தை ஒட்டியுள்ள ஒரு தனியார் கல்லூரியில், எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுக்கக் கற்பிக்கும் பி.எஸ்சி. ரேடியோகிராபி மற்றும் இமேஜிங் டெக்னாலஜி படிப்பில் சேர்ந்து, மூன்று ஆண்டு வகுப்பும் ஓர் ஆண்டு இன்டர்ன்ஷிப்பும் முடித்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்த பிள்ளைகள் பலர் இந்தப் படிப்பைப் பற்றி என்னிடம் கேட்பதால், அனுபவித்ததை அப்படியே எழுதுகிறேன். நல்ல படிப்பு என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அந்த நன்மை முழுவதும் கல்லூரி உங்களை எந்த மருத்துவமனையில், எத்தனை மணி நேரம், எந்த இயந்திரத்தின் முன் நிறுத்துகிறது என்பதில்தான் இருக்கிறது.

சேர்க்கைக்கு நீட் தேவையில்லை. அரசு ஒதுக்கீட்டு இடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வில் நிரப்புகிறார்கள். எங்கள் கல்லூரி தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றது. சேருவதற்கு முன் வீட்டில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: படம் எடுப்பது நம் வேலை, அதைப் பார்த்து நோயைச் சொல்வது ரேடியாலஜி மருத்துவரின் வேலை. இது புரியாததால் உறவினர்கள் இன்றைக்கும் பிலிமை என்னிடம் நீட்டி, என்ன நோய் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலாம் ஆண்டு எனக்கு ஏமாற்றமே. கதிரியக்க இயற்பியலை ஆசிரியர் ஆங்கிலக் குறிப்புகளாகச் சொல்லச் சொல்ல எழுதினோம். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் பொருள் புரியாமலேயே மனப்பாடம் செய்தார்கள். எக்ஸ்ரே குழாய்க்குக் கொடுக்கும் மின்னழுத்தமான கே.வி. கூடினால் கதிரின் ஊடுருவும் திறன் கூடும், மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கிய எம்.ஏ.எஸ். கூடினால் கதிரின் அளவு கூடும் என்ற அடிப்படையைக்கூட இரண்டாம் ஆண்டில் எக்ஸ்ரே அறையின் மூத்த டெக்னீஷியன் அண்ணன் ஒருவர் தமிழில் விளக்கிய பிறகே விளங்கிக்கொண்டேன். முதலாம் ஆண்டிலேயே எங்களை வாரத்துக்கு ஒரு நாளாவது எக்ஸ்ரே அறைக்குள் விட்டிருந்தால் பாதிச் சுமை குறைந்திருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறியது. இருட்டறை, பிலிமைக் கழுவும் டெவலப்பர், பிக்ஸர் கரைசல்கள் என்று பழைய பிலிம் முறையைப் பாடமாக நடத்தியபோது, எல்லாம் டிஜிட்டலாகிவிட்ட காலத்தில் இது எதற்கு என்று எரிச்சல்பட்டேன். இன்டர்ன்ஷிப்பில்தான் அதன் பயன் தெரிந்தது. பிலிமில் கதிர் அதிகமானால் படம் கறுத்துப்போய் நம் தவற்றை அங்கேயே காட்டிக்கொடுக்கும். டிஜிட்டல் முறையிலோ கணினி படத்தைச் சரிசெய்து அழகாகக் காட்டிவிடும்; நோயாளி தேவைக்கு மேல் வாங்கிய கதிர் யார் கண்ணிலும் படாது. ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் திரையில் வரும், கதிர் கூடியதா குறைந்ததா என்று காட்டும் எக்ஸ்போஷர் எண்ணைப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது அந்தப் பாடத்தால்தான்.

இரண்டாம் ஆண்டு முதல் படிப்பு உயிர்பெறுகிறது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் நெஞ்சு பலகையில் படிய வேண்டும், கதிர் ஆறடித் தொலைவில் முதுகுப்பக்கமிருந்து வர வேண்டும், தோள்களை முன்னே உருட்டித் தோள்பட்டை எலும்பு நுரையீரலை மறைக்காதபடி விலக்க வேண்டும், மூச்சை முழுவதும் இழுத்துப் பிடிக்கச் செய்ய வேண்டும். மூச்சு பாதியில் நின்றால் இயல்பான இதயமும் பெரிதாகத் தெரியும். "ஆயா, மூச்ச நல்லா இழுத்துப் புடிங்க, விட்றாதீங்க" என்று கண்ணாடிக்கு இப்பாலிருந்து குரல் கொடுத்து, அவர் விடுவதற்குள் பட்டனை அழுத்துவது நூறு நோயாளிகளுக்குப் பிறகே கைக்கு வந்தது.

புத்தகத்தில் இல்லாத பாடங்களும் உண்டு. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்ணுக்கு வயிறு, இடுப்புப் பகுதியை எக்ஸ்ரே எடுக்கும் முன் கர்ப்பமா என்று கேட்டாக வேண்டும். நான் நேரடியாகக் கேட்டபோது, மாமியாரோடு வந்திருந்த பெண்கள் தலைகுனிந்து இல்லை என்று மட்டும் சொன்னார்கள். அங்கிருந்த செவிலியர் அக்கா துணைக்கு வந்தவரை வெளியே நிறுத்திவிட்டு, "தலைக்குக் குளிச்சு எத்தன நாளாச்சுங்க?" என்று தணிந்த குரலில் கேட்கக் கற்றுக்கொடுத்தார். அதன் பிறகு விடை தயங்காமல் வந்தது. வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன ஊர் என்பதால் கணுக்கால் எக்ஸ்ரே என்றாலே முதலில் கொலுசோடு மல்லுக்கட்ட வேண்டும். பல ஆண்டுகள் கழற்றாமல் இறுகிப்போன திருகாணியை, வீங்கிய காலை அசைக்காமல் தளர்த்த வேண்டும். விட்டுவிட்டால் வெள்ளியின் வெண்மை எலும்பு முறிவின் கோட்டை மறைத்துவிடும்.

இன்டர்ன்ஷிப்பில் ஓர் இரவு, ஏற்காட்டு எஸ்டேட் ஒன்றில் மிளகு பறிக்கச் சில்வர் ஓக் மரத்தில் ஏறி விழுந்தவரை 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். இடுப்பு மூட்டில் முறிவு இருக்கலாம் என்ற ஐயம். பக்கவாட்டுப் படத்துக்காக அவரைப் புரட்டியிருந்தால் முறிந்த எலும்பு மேலும் விலகியிருக்கும். வகுப்பில் கற்றபடி அவரை மல்லாந்த நிலையிலேயே விட்டு, அடிபடாத காலை மட்டும் உயர்த்தித் தாங்கி வைத்து, கதிரைக் கிடைமட்டமாகச் செலுத்தி எடுத்தேன். படத்தில் முறிவு தெளிவாக விழுந்தது. மூன்று ஆண்டுக் கட்டணமும் அந்த ஒரு படத்தில் திரும்பி வந்ததாகவே உணர்ந்தேன்.

இனிக் குறைகள். எம்.ஆர்.ஐ. எங்கள் மருத்துவமனையில் இல்லை. நகரிலுள்ள ஒரு ஸ்கேன் மையத்துக்கு இரண்டு வாரம் அனுப்பினார்கள். அங்கே சுவரோரமாக நின்று பார்த்ததோடு சரி. சி.டி.யிலும் மாணவர் எண்ணிக்கை அதிகம் என்பதால் இயந்திரத்தை இயக்கும் கன்சோலில் உட்காரும் முறை அரிதாகவே வந்தது. இன்டர்ன்ஷிப் ஆண்டு முழுவதும் இரவுப் பணி உட்பட முழு ஊழியராக வேலை செய்தும் உதவித்தொகை ஒரு ரூபாய்கூடக் கிடையாது. கதிரைத் தடுக்க அணியும் ஈய அங்கிகளை நாற்காலியில் மடித்துப் போடும் வழக்கமும் அங்கே இருந்தது. மடித்தால் உள்ளிருக்கும் ஈயத் தகடு விரிசல் விடும், தாங்கியில் தொங்கவிட வேண்டும் என்று வகுப்பில் கற்பித்தவர்களே அதைக் கண்டுகொள்ளவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

கதிர்வீச்சுக்கு அஞ்சிப் பெண் பிள்ளைகளை இந்தப் படிப்பில் சேர்க்கத் தயங்கும் பெற்றோருக்கு ஒரு சொல். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்புப்படி, கதிர்வீச்சுப் பணியாளர் வாங்கும் அளவு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டையும் (உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு) எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐயும் தாண்டக் கூடாது. மார்பில், ஈய அங்கிக்கு உள்ளே அணியும், வாங்கிய கதிரைப் பதிவுசெய்யும் டி.எல்.டி. பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பி அளக்கிறார்கள். தடுப்புச் சுவருக்குப் பின் நின்று ஒழுங்காக வேலை செய்த எனக்கு வந்த அளவு வரம்பின் அருகில்கூடப் போனதில்லை.

அல்ட்ராசவுண்ட் பாடத்தை எங்களுக்கு நடத்திய விதத்தை மனமாரப் பாராட்ட வேண்டும். பெண் சிசுக் கொலையைத் தடுக்கக் கொண்டுவந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கப்பட்டது இந்தச் சேலம் மாவட்டத்தில்தான் என்பதை நினைவூட்டி, கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆசிரியை பிரிவு பிரிவாக விளக்கினார். கண் ஜாடையில் சொல்வதும் குற்றம் என்று அவர் சொன்னபோது வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன், அதன் மருத்துவமனைக்கு ஒரு வேலை நாளில் காலை பத்து மணிக்குப் போய் எக்ஸ்ரே அறை வாசலில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். எத்தனை நோயாளிகள் வருகிறார்கள், நோயாளியை நிலைப்படுத்துவது மாணவர்களா அல்லது அவர்கள் ஓரமாக நிற்கிறார்களா, அவர்கள் மார்பில் பேட்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள். சி.டி., எம்.ஆர்.ஐ. பயிற்சி எத்தனை வாரம், இன்டர்ன்ஷிப்பில் உதவித்தொகை எவ்வளவு என்பதை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் இந்த இரண்டையும் கேட்காமல்தான் சேர்ந்தேன்.