வாங்காதவனுக்கு எது லாபம்: ஆர்ட் ஃபேரா, பினாலேயா, ஏலக்கூடமா?

ஓவியம் வாங்குகிற அளவுக்கு என்னிடம் காசு இல்லை, வாங்கினாலும் மாட்டுவதற்கு அந்த அகலத்தில் சுவர் இல்லை. ஆனாலும் பார்க்கப் போவேன். டிக்கெட் எடுத்து உள்ளே போகிற கூட்டத்தில் என்னைப் போல வெறும் கண்ணோடு வந்தவர்கள் நிறையப் பேர் என்பது, எல்லோரும் ஒரே மாதிரி கழுத்தை நீட்டி எட்ட நின்று பார்ப்பதிலேயே தெரிந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்த அலசல். கையில் இரண்டு நாள்தான் இருக்கிறது, ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் பெரிய ஆர்ட் ஃபேருக்குப் போவதா, பினாலேவுக்குப் போவதா, இல்லை ஆர்ட் ஃபேர் வாரத்தில் பக்கத்திலேயே நடக்கிற சின்னச் சந்தையே போதுமா? நாலாவதாக ஒன்றும் இருக்கிறது, அதைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஆர்ட் ஃபேர் என்பது கடைத்தெரு. கேலரிகள் இடத்துக்கு வாடகை கொடுத்து ஸ்டால் எடுக்கின்றன, விற்க வருகின்றன, அந்த வாடகையை எடுத்தாக வேண்டும். நவீனக் கலைக்கான முதல் சந்தை என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1967இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் 18 கேலரிகளோடு நடந்தது. மூன்று வருடம் கழித்து, 1970இல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆர்ட் பாசல் என்ற சந்தை 90 கேலரிகளோடு தொடங்கியது. இன்று அங்கே ஏறத்தாழ 290 கேலரிகள். பினாலே அப்படியில்லை. ஒரு க்யூரேட்டர் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற கலைஞர்களைத் தேர்ந்தெடுத்து அடுக்குகிற கண்காட்சி அது. 1895இல் தொடங்கிய வெனிஸ் பினாலேதான் இதற்கெல்லாம் தாய். சுவாரசியம் என்னவென்றால், அங்கேயும் ஒரு காலத்தில் விற்பனை அலுவலகம் இருந்தது, 1968 மாணவர் போராட்டங்களுக்குப் பிறகுதான் மூடினார்கள். 'வெனிஸில் பார், பாசலில் வாங்கு' என்று கலை வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. பார்ப்பது மட்டும்தான் நம் வேலை என்றால் வெனிஸ்தானே சரி, அப்புறம் என்ன அலசல் என்று கேட்கலாம். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன்.

நினைப்பு மாறியதற்கு ஒரே காரணம்: ஆர்ட் ஃபேரில் பார்க்கிற ஒரு படைப்பை மறுபடி பார்க்க வாய்ப்பே இல்லாமல் போகலாம். பினாலேயில் ஒன்றைத் தவறவிட்டால் அதே கலைஞருடைய அந்தப் படைப்பு பின்னால் ஏதாவது அருங்காட்சியகத்தில் தலைகாட்டக்கூடும். பேசுவதற்கும் எழுதுவதற்கும் ஆள் இருக்கிறார்கள், பட்டியல் புத்தகம் இருக்கிறது. சந்தையில் தொங்குவது அப்படியில்லை. ஒரு வீட்டிலிருந்து இறங்கி வந்திருக்கும், நாலு நாள் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும், இன்னொரு வீட்டுக்கோ, யார் கண்ணிலும் படாத ஒரு கிடங்குக்கோ போய்விடும். பிக்காசோ வரைந்த ஒரு சின்னக் காகிதத்துக்கு முன்னால் கயிறோ காவலரோ இல்லாமல் ஒரு முழ தூரத்தில் நின்று, பென்சில் எங்கே அழுத்தியிருக்கிறது, எங்கே தூக்கியிருக்கிறது என்று பார்ப்பது அருங்காட்சியகத்தில் நடக்கிற காரியமா? அதற்கு எதிர் ஸ்டாலில் போன மாதம் முடித்த ஓவியம், எண்ணெய் வாசனைகூடப் போகாமல்.

சரி, இதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன? முதலில் கால். 290 கேலரி, ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 580 நிமிடம், கிட்டத்தட்ட பத்து மணி நேரம், நடக்கிற நேரம் சேர்க்காமல். இரண்டு நிமிடத்தில் ஒரு ஸ்டாலைப் பார்ப்பது என்பது பார்ப்பதே இல்லை, கண் பூத்துப்போய் மூன்றாவது மணி நேரத்தில் எல்லாமே ஒரே நிறமாகத் தெரிய ஆரம்பிக்கும். அதனால் முழுசையும் பார்க்கிற ஆசையை வாசலிலேயே விட்டுவிடுவது நல்லது. எனக்கு உதவுவது, ஒரே கலைஞரை மட்டும் வைத்திருக்கிற ஸ்டால்களுக்கு முதலில் போவது. ஆர்ட் பாசலில் ஸ்டேட்மென்ட்ஸ் என்றொரு பிரிவு, வளர்ந்துவரும் கலைஞர்களுக்கான தனிக்காட்சிகள். இப்படி ஒரு பிரிவு பெரிய சந்தைகள் பலவற்றில் ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். பல பேரை ஒன்றாகக் குவித்த ஸ்டால்களில் ஒரு படம் இன்னொன்றின் குரலை அமுக்கிவிடுகிறது.

இரண்டாவது, அங்கே யாரும் உங்களுக்கு எதையும் விளக்க மாட்டார்கள். பெயர், தலைப்பு, ஆண்டு, எதில் செய்தது, அவ்வளவுதான் சுவரில். விலை பெரும்பாலும் இருக்காது, கேட்க வேண்டும். ஒருமுறை ஒரு ஸ்டாலில் துணிந்து கேட்டேன். மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கிய பெண், விலையைச் சொல்லவில்லை, "நீங்கள் என்னென்ன சேகரிக்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். பழைய பேருந்து டிக்கெட் என்று சொல்ல வாய் வந்தது, சிரித்துவிட்டு நகர்ந்தேன். எல்லோரும் அப்படியில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: கடைசி நாள் மதியத்துக்கு மேல், விற்க வேண்டியதை விற்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் கேலரி ஊழியர்களைப் போல நல்ல வழிகாட்டிகள் கிடையாது. அந்தக் கலைஞரோடு வேலை செய்கிறவர்கள், ஸ்டூடியோவுக்குப் போய் வந்தவர்கள். நாம் உண்மையான ஆர்வத்தோடு கேட்டால், வாங்க மாட்டோம் என்று தெரிந்தும் கால் மணி நேரம் பேசுவார்கள். 'இது எப்படிச் செய்தது?' என்று தொடங்குங்கள். விலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பினாலேயில் இந்தச் சங்கடமே இல்லை. சுவரெங்கும் எழுத்து, உட்கார பெஞ்சு, வீடியோவுக்கு இருட்டறை. வெனிஸ் ஏழு மாதம் வரை நடக்கும், ஜெர்மனியின் காஸல் நகரில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் டாக்குமென்டா கண்காட்சி 100 நாள். அவசரம் இல்லை. வெனிஸின் சாதாரண டிக்கெட்டில் ஜார்தினி, அர்செனாலே என்ற இரண்டு வளாகங்களையும் வேறு வேறு நாளில்கூடப் பார்க்கலாம் என்பது காலுக்குச் செய்த உபகாரம். ஆனால் அங்கே வேறு விதமான அசதி. 2024 வெனிஸின் மையக் கண்காட்சியில் மட்டும் 331 கலைஞர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பத்தி வாசிப்பு. படைப்பைவிட அதன் விளக்கம் நன்றாக இருக்கிறதே என்று தோன்றுகிற இடங்கள் வந்தால் என் பொறுமை போய்விடும். சந்தையில் யாரும் எனக்குப் பாடம் எடுப்பதில்லை, பிடிக்கவில்லையா, அடுத்த ஸ்டால். முரட்டுத்தனமான சுதந்திரம்தான், ஆனால் என் ரசனை எது என்று நான் தெரிந்துகொண்டது அங்கேதான்.

சந்தைக்குப் போவதென்றால் எந்த நாள் என்பது பெரிய விஷயம், பினாலேக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. ஆர்ட் பாசலில் செவ்வாயும் புதனும் அழைப்பு உள்ளவர்களுக்கு, வியாழன் முதல் ஞாயிறு வரைதான் பொதுமக்களுக்கு. பெரிய வியாபாரம் எல்லாம் நாம் போவதற்குள் முடிந்திருக்கும். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை, விற்ற படைப்பும் சுவரிலேயேதான் பெரும்பாலும் இருக்கும். ஆனால் சில கேலரிகள் இரவோடு இரவாக விற்றதை இறக்கிவிட்டு வேறொன்றை மாட்டுகின்றன, ஆக வியாழன் பார்த்த ஸ்டால் ஞாயிறு வேறாக இருக்கலாம். கூட்டம் என்று பார்த்தால் வியாழன் காலை உத்தமம். சனி, ஞாயிறு எப்படி இருக்கும் என்பதற்கு 2019 டிசம்பரில் அமெரிக்காவின் மயாமி பீச்சில் நடந்த ஆர்ட் பாசல் ஒன்று போதும். மொரிசியோ கட்டெலான் என்ற இத்தாலியக் கலைஞர் ஒரு வாழைப்பழத்தை டேப்பால் சுவரில் ஒட்டி 1,20,000 டாலர் என்றார், பெரோத்தான் கேலரி விற்றது. சனிக்கிழமை டேவிட் டட்டுனா என்ற இன்னொரு கலைஞர் அதை உரித்துத் தின்றார். வேறு பழம் ஒட்டினார்கள். ஞாயிறு அதையும் எடுத்துவிட்டார்கள், முண்டியடித்த கூட்டத்தால் சுற்றியிருந்த படைப்புகளுக்கு ஆபத்து என்று. பழத்தைப் பார்க்கவே டிக்கெட் எடுத்து ஞாயிறு வந்தவர்கள் வெறும் சுவரைத்தான் பார்த்திருப்பார்கள்.

சந்தைகளுக்குள்ளேயே ஒப்பிட்டால், பார்க்க மட்டும் போகிறவருக்கு ஆர்ட் பாசலின் பலம் 'அன்லிமிடெட்' என்ற பிரிவு. ஸ்டாலில் அடங்காத பெரிய சிற்பங்கள், நிறுவல்கள் (இன்ஸ்டலேஷன்), வீடியோக்களுக்கு என்று 2000 முதல் தனி மண்டபமே ஒதுக்குகிறார்கள். சந்தைக்குள் ஒரு பினாலே என்றே சொல்லலாம், ஒரே வித்தியாசம் எல்லாமே விற்பனைக்கு. நேரம் குறைவென்றால் நான் முதலில் இங்கேதான் போவேன், ஸ்டால்கள் அப்புறம். லண்டனின் ஃப்ரீஸ் சந்தை வேறு ரகம்: 2003இல் ரீஜன்ட்ஸ் பார்க்கில் கூடாரம் போட்டுத் தொடங்கியது, 2012இல் அதே பூங்காவில் பழைய கலைக்கென்று ஃப்ரீஸ் மாஸ்டர்ஸ் சேர்ந்தது. புதியதைப் பார்த்துவிட்டுப் புல்வெளியைக் கடந்து போனால் பல நூற்றாண்டு பழசு. இரண்டில் ஒன்று என்றால், கூச்சமில்லாமல் சொல்கிறேன், மாஸ்டர்ஸ். சத்தம் குறைவு, பொருள் கனம் அதிகம். போதாததற்கு அந்தப் பருவத்தில் பூங்காவில் வைக்கும் ஃப்ரீஸ் சிற்பங்களைப் பார்க்கக் காசே வேண்டாம்.

பெரிய சந்தையின் நிழலில் நடக்கிற சின்னச் சந்தைகளை நான் சிபாரிசு செய்வது ஒரு நிபந்தனையோடு. பாசலில் 1996இல் ஒரு பழைய பியர் ஆலைக் கட்டடத்தில் தொடங்கிய லிஸ்டே இளம் கேலரிகளுக்கானது. இங்கே விலை கேட்டால் விலை சொல்வார்கள், பல சமயம் கலைஞரே பக்கத்தில் நிற்பார். ஆனால் நிறைய சுமாரான வேலையைச் சலிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பொறுமை இருந்தால் மட்டும் போங்கள். ஆனால் ஒன்று, சின்னது என்று ஒதுக்கிவிட முடியாது: நியூயார்க்கின் பெரிய சந்தையான ஆர்மரி ஷோவே 1994இல் ஒரு ஹோட்டல் அறைகளில், கட்டில் மேலும் குளியலறையிலும் படைப்புகளை வைத்துத் தொடங்கியதுதான்.

இனி அந்த நாலாவது. சோதபீஸ், கிறிஸ்டீஸ் போன்ற ஏல நிறுவனங்கள் பெரிய ஏலத்துக்கு முன்னால் சில நாள் பொருட்களைக் காட்சிக்கு வைக்கின்றன. யார் வேண்டுமானாலும் போகலாம், பொதுவாக டிக்கெட் கிடையாது. மதிப்பீட்டு விலையைப் பெரும்பாலும் லேபிளிலேயே போட்டிருப்பார்கள், 'என்ன சேகரிக்கிறீர்கள்' விசாரணை இல்லை. கூட்டமும் குறைவு. சந்தையைப் போலவே இங்கேயும் வீட்டிலிருந்து வீட்டுக்குப் போகிற பொருள் நடுவில் ஒருமுறை கண்ணில் படுகிறது. அதே வாழைப்பழத்தின் மூன்று பிரதிகளில் ஒன்று 2024 நவம்பரில் சோதபீஸ் ஏலத்துக்கு வந்தபோது, அதற்கு முன்னால் பல ஊர்களில் இலவசமாகக் காட்டினார்கள். ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. குறை என்னவென்றால், ஏற்கெனவே பெயர் எடுத்தவர்கள்தான் இங்கே அதிகம், புதிதாக ஒருவரைக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் அரிது, படைப்பைப் பற்றிப் பேச ஆளும் கிடைப்பது கஷ்டம்.

ஆக, என்னிடம் கேட்டால்: இதுவரை சமகாலக் கலையே பார்த்ததில்லை என்கிறவரைச் சந்தைக்கு அனுப்ப மாட்டேன், பினாலேவுக்குத்தான் அனுப்புவேன், வாசித்துப் பார்த்துப் பழகட்டும். குழந்தைகளோடு போகிறவருக்கும் அதுதான், ஸ்டால்களில் உடையக்கூடிய பொருள் கை எட்டும் தூரத்தில் இருக்கும், பெற்றோருக்கு உயிர் போய் உயிர் வரும். காசு செலவழிக்க மனமில்லாதவருக்கு ஏலக்கூடம். ஏற்கெனவே கொஞ்சம் பார்த்துத் தேறியவர், தனியாகச் சுற்றப் பிடித்தவர் என்றால் தயங்காமல் ஆர்ட் ஃபேர், முடிந்தால் இரண்டு நாள் டிக்கெட், முதல் நாள் சுற்றிவிட்டு மறுநாள் பிடித்த ஐந்தாறு ஸ்டாலுக்கு மட்டும் திரும்பிப் போவது.

நானும் அப்படித்தான் ஒருமுறை மறுநாள் போனேன், முதல் நாள் என்னை நிறுத்திய உள்ளங்கை அளவு நீர்வண்ணப் படம் ஒன்றுக்காக. அந்த இடத்தில் வேறு படம் தொங்கியது. ஸ்டால் ஆளிடம் கேட்டேன். என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு, சுவரோடு சுவராக இருந்த சின்னக் கதவைத் திறந்தார். உள்ளே கோட்டுகள், தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவில், பாதி சுற்றிய உறையில் அது இருந்தது. இரண்டு நிமிடம் பிரித்துக் காட்டினார், அப்புறம் டேப் ஒட்டினார்.