கையில் ஒட்டும் ஸ்டியரிங்: கழுவுவதா, பூசுவதா, தைப்பதா?

வன்னியில் வீதியோரம் இருக்கும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் லொறியை நிறுத்தித் தேங்காய் உடைத்துத் திருநீறு பூசினேன். நெற்றியில் திருநீற்றோடு ஒரு கறுப்புக் கோடும் விழுந்தது. பங்குனி வெயிலில் இளகிய ஸ்டியரிங், பலாப்பாலைப் போல விரலில் ஏறியிருந்தது. 1958இல் அறிமுகமான பெட்போர்ட் டிஜே வகை லொறி. இனியும் தள்ளிப்போட முடியாது என்று அன்றுதான் தோன்றியது.

முதலில் வெள்ளைத் துணியில் சவர்க்கார நீரைத் தொட்டுத் துடையுங்கள். மண்ணிற அழுக்கு கழன்று, கீழே இறுகிய கறுப்புத் தெரிந்தால் அது வியர்வையும் கிறீசும் வன்னிப் புழுதியும் சேர்ந்த படிவு. கழுவுவதோடு வேலை முடிந்தது. துடைக்கத் துடைக்கக் கறுப்பே வந்தால் மேற்பரப்பே சிதைகிறது என்று பொருள்.

படிவுக்குச் சவர்க்காரத்தை அடுத்து, மருந்துக்கடை ஸ்பிரிட் நல்லது. தடவி, உடனே துடைத்துவிட வேண்டும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டிய ஊர் இது. எதற்கும் மண்ணெண்ணெயைத்தான் சொல்வார்கள். அது கிறீசைக் கரைக்கும், ஆனால் தன் எண்ணெய்ப் பூச்சை விட்டுச் செல்லும். தின்னர் அதைவிட மோசம்: சில பழைய பிளாஸ்டிக்குகளையே கரைத்துவிடும். நான் ஸ்டியரிங்கின் ஓரிடத்தில் தின்னரைத் தொட்டுப் பார்த்தேன், விரல் அடையாளம் அப்படியே பதிந்தது.

சிதைந்த ஸ்டியரிங் வளையத்துக்கு எபொக்சி என்ற இரு பகுதிப் பசையும் பெயின்றும் ஒரு வழி. வெடிப்பை ஆப்பு வடிவில் அகலமாக்கி, உள்ளே இரும்பில் துருவிருந்தால் சுரண்டி, எபொக்சிக் கலவையை நிரப்பி, ஒரு நாள் இறுகவிட்டு, 120ஆம் இலக்க மணல்தாளில் தொடங்கி 400 வரை தேய்க்க வேண்டும். இளகிய மேற்படை முழுவதும் போய் உறுதியான பகுதி வரும்வரை தேய்க்காமல் பூசினால், அடியிலிருந்து பிசுபிசுப்பு மேலே வரும். பெயின்றும் கடினமாக்கி கலந்த இரு பகுதிப் பெயின்றாக இருக்க வேண்டும். சாதாரண எனாமல் வியர்வையில் மீண்டும் இளகும். அழகில் இதற்கு நிகரில்லை. ஆனால் ஒரு கிழமை லொறி நிற்கும், நெல் ஏற்றும் காலத்தில் அதை யார் பொறுப்பார்?

மாட்டிவிடும் ரெக்சீன் உறையைச் சொல்லவே வேண்டாம். பவர் ஸ்டியரிங் இல்லாத லொறியில் இரு கையாலும் வலிந்து திருப்பும்போது உறை மட்டும் சுழன்றால் என்னாகும்?

தோலைச் சுற்றித் தைப்பதுதான் என் தெரிவு. வெடிப்பை மட்டும் எபொக்சியால் அடைத்து, இளகிய பகுதியைத் தேய்த்து எடுத்த பிறகு தைக்க வேண்டும். பசை கொண்டு ஒட்டுவதில் நம்பிக்கை வேண்டாம்; பிசுபிசுத்த பரப்பில் அது பிடிக்காது, இழுத்துத் தைத்த இறுக்கமே பிடி. வெள்ளோட்டத்தில் கைக்குப் பிடிமானமாகத்தான் இருக்கிறது, ஆனால் வளையம் சற்றுத் தடித்துவிட்டது. சின்னக் கைக்காரருக்கு அது பிடிக்காது.

தைத்துத் தந்தவர் கிளிநொச்சியில் செருப்புத் தைக்கும் ஐயா ஒருவர். இரு ஊசியில் மெழுகு தடவிய நூலைக் கோத்தார். மூட்டுத் தையலை வளையத்தின் உட்பக்கமாக வைத்து, "வெளியே வைத்தால் மத்தியானத்துக்குள் உள்ளங்கை உரிந்துவிடும்" என்றார்.